தரங்கம்பாடிச் சபையின் முதல் மேய்ப்பர் பர்த்தலோமேயு சீகன்பால்க்



நாம் ஜேர்மனியில் வாழும் தமிழர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேர்மன் சபைகளின் ஆலயங்களிலும் மண்டபங்களிலும் கூடி நம் தாய்மொழியில் கர்த்தரை ஆராதிக்கிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே நாட்டிலிருந்து ஒரு வாலிபர் கப்பலேறிப் போய், தமிழ் மண்ணில் தமிழிலேயே ஆராதிக்கும் ஒரு சபையைக் கூட்டினார். இன்று நம் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்துக்கும் நாம் பாடும் பல ஞானப்பாட்டுகளுக்கும் வழி திறந்தவர்களில் அவர் முக்கியமானவர். இந்த ஆண்டுவிழா மலரில் அவருடைய வாழ்க்கையை நினைவுகூருவது நம் எல்லோருக்கும், விசேஷமாகப் பிள்ளைகளுக்கு, பிரயோஜனமாயிருக்கும்.

அநாதையாய் வளர்ந்த பிள்ளை

பிள்ளைகளே, நத்தார் காலத்தில் கடைகளில் ஃபெஃபர்கூகன் என்னும் மசாலா மணக்கும் இனிப்பு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பேர்போன ஊர் புல்ஸ்னிட்ஸ். சாக்சன் மாநிலத்தில், டிரெஸ்டன் நகரத்துக்கு அருகில் உள்ள சிறிய ஊர். அங்கேதான் 1682ஆம் ஆண்டு பர்த்தலோமேயு சீகன்பால்க் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. சீகன்பால்க் சிறுவனாயிருந்தபோதே தாயும் தகப்பனும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். மூத்த சகோதரி அவரை வளர்த்தார்.

மரணப்படுக்கையில் இருந்த தாய் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்களுக்காக ஒரு பெரிய பொக்கிஷத்தை வைத்துப் போவதாகச் சொன்னாராம். பணமோ நகையோ என்று பிள்ளைகள் கேட்டபோது, அது தம்முடைய வேதப்புத்தகம் என்றும், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் சொன்னாராம். அந்த வார்த்தை சீகன்பால்கின் மனதை விட்டு நீங்கவேயில்லை.

கேர்லிட்ஸ் பட்டணத்தில் படித்தார். அங்கே அவருக்குள் ஆழமான பக்தி உண்டாயிற்று. பின்பு பெர்லினிலும் ஹாலே பல்கலைக்கழகத்திலும் வேதசாஸ்திரம் கற்றார். ஹாலேயில் அக்காலத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதியும் பள்ளிகளும் நடத்திவந்தார். பிராங்கேயிடம் சீகன்பால்க் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: ஆலயத்தில் ஜெபிக்கிறவன் வெளியே வந்து ஏழையின் பிள்ளைக்கு எழுத்தும் சோறும் கொடுக்க வேண்டும். ஆனால் அவருடைய சரீரம் பலவீனமானது. வியாதியினால் பலமுறை படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவு நோயாளி ஊழியத்துக்கு ஏற்றவன்தானா என்று அவரே கலங்கியதுண்டு.

டென்மார்க் ராஜாவின் அழைப்பு

தஞ்சாவூர் நாட்டின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டு முதல் டேனியர்கள் வியாபாரம் செய்துவந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து அங்கே ஒரு கோட்டையும் கட்டியிருந்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவ்வூர்த் தமிழ் மக்களுக்கு அவர்கள் மொழியில் சுவிசேஷம் சொல்ல டேனியர் தரப்பில் யாரும் முன்வரவில்லை. டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக் இதைக் குறித்துப் பாரப்பட்டார். அவருடைய அரண்மனைப் போதகர் தம் நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜேர்மனியில் தேடியபோது, சீகன்பால்கும் அவருடைய நண்பர் ஹென்ரிக் புளுட்சோவும் சம்மதித்தார்கள்.

1705 நவம்பரில் கொப்பன்ஹேகனில் இருவரும் குருப்பட்டம் பெற்று, அந்த மாத இறுதியிலேயே கப்பலேறினார்கள். ஏழு மாதத்துக்கும் மேற்பட்ட கடற்பயணம். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குக்கு வயது சுமார் 24தான்.

வரவேற்பு ஒன்றும் இருக்கவில்லை. ராஜாவின் கடிதம் கையிலிருந்தும், டேனிய ஆளுநர் ஹாசியஸுக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. மிஷனரிகள் வந்தால் ஊரில் குழப்பம் வரும், வியாபாரம் கெடும் என்று அவர் பயந்தார்.

மணலில் எழுதிப் படித்த போதகர்

முதலில் செய்யவேண்டியது மொழி படிப்பது. புத்தகமும் இல்லை, அகராதியும் இல்லை. சீகன்பால்க் ஒரு வயதான தமிழாசிரியரைக் கண்டு, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி கேட்டுக்கொண்டார். சிறுபிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த அந்த ஐரோப்பியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்களைப்போலவே மணலில் எழுதிப் படித்தார்.

ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்ற தமிழரும் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். நாள்தோறும் பல மணிநேரம் ஓலைச்சுவடிகளை வாசித்தும் வாசிக்கக் கேட்டும், சொற்களைக் குறித்துக்கொண்டும் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய நூல்களை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழருக்கு ஒழுக்கமோ அறிவோ இல்லை என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டவர்களுக்கு, அது உண்மையல்ல என்று எழுதியனுப்பினார்.

இந்த மதிப்பு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய பெரிய நூல் ஹாலேக்குப் போய்ச் சேர்ந்தும், அச்சில் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று.

முதன்முதலில் ஆலயத்துக்கு வந்தவர்கள்

ஊரில் டேனியருக்கு சீயோன் ஆலயம் என்ற ஒரு கோவில் இருந்தது. 1707 மே மாதம் சீகன்பால்கின் ஊழியத்தில் முதல் ஞானஸ்நானம் அங்கே நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். அவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல. டேனியர் வீடுகளில் அடிமைகளாக வேலைசெய்தவர்கள். எஜமான்கள் உட்கார்ந்து ஆராதிக்கும் கோவிலில், அவர்களுடைய அடிமைகள் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றார்கள். அன்று அது சிறிய காரியம் அல்ல.

தமிழ் மக்கள் தயக்கமின்றி வந்து உட்காருவதற்குத் தனி ஆலயம் வேண்டும் என்று மிஷனரிகள் தீர்மானித்தார்கள். தங்கள் சம்பளப் பணத்தையும் போட்டு, இரண்டு மாதங்களில் கடற்கரைக்கு அருகே ஒரு சிறிய கோவிலைக் கட்டி, 1707 ஆகஸ்ட் 14ஆம் தேதி பிரதிஷ்டை செய்தார்கள். எருசலேம் ஆலயம் என்று அதற்குப் பெயர். அடுத்த மாதம் 5ஆம் தேதி தமிழர் ஒன்பது பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். தமிழிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் ஆராதனை நடந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஆலயத்துக்கு வந்தவர்களைப் பற்றி நாம் நினைத்துப்பார்க்க வேண்டும். நமக்கு ஆலயத்துக்குப் போவது என்றால் ரயிலோ காரோ பிடித்துப் போவது, சமையலை முன்பே முடிப்பது, பிள்ளைகளை எழுப்புவது. அவர்களுக்கு அது வீட்டையும் உறவையும் பணயம் வைக்கும் காரியமாயிருந்தது. ஞானஸ்நானம் பெற்றவனுக்கு உறவினர் வீட்டில் இடமில்லை. செய்துவந்த தொழில் போய்விடும். பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். தமிழாசிரியரின் மகன் கணபதி என்ற வாலிபர் 1709இல் ஞானஸ்நானம் பெற முன்வந்தபோது, குடும்பத்தாரும் ஊராரும் கடுமையாக எதிர்த்தார்கள். இப்படி எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்குச் சபையே குடும்பமாக வேண்டியதாயிற்று. வேலை தேடிக் கொடுப்பதும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் படிப்பிப்பதும் ஆராதனையோடு சேர்ந்த ஊழியமாயிற்று. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பெண்பிள்ளைகளை எழுத்துப் படிக்க அனுப்புவது அபூர்வமாயிருந்த காலம் அது.

நான்கு மாதச் சிறைவாசம்

1708இல் ஒரு ஏழைத் தமிழ் விதவை கடன் வழக்கொன்றில் சிக்கி சீகன்பால்கிடம் உதவி கேட்டு வந்தாள். எதிராளி டேனியக் கம்பெனியில் செல்வாக்குள்ளவர். சீகன்பால்க் அவளுக்காகப் பேசினார். ஏற்கெனவே கோபத்திலிருந்த ஆளுநர் அவரைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நவம்பர் முதல் மார்ச் வரை, நான்கு மாதம் கடற்காற்றும் வெக்கையும் நிறைந்த அறையில் அவர் இருந்தார்.

மேய்ப்பன் சிறையில், மந்தையோ புதியது, சிறியது. சபை சிதறிப்போயிருக்கலாம். ஆனால் அவர் வெளியே வந்தபோது சபை இருந்தது. அந்த நான்கு மாதம் தளராமல் நின்றவர்கள் யார் யார் என்று சரித்திரம் பேர் சொல்லவில்லை. பேர் தெரியாத அந்தச் சபையார் நின்றபடியால்தான் சீகன்பால்கின் ஊழியமும் நின்றது.

தமிழில் புதிய ஏற்பாடு

சிறைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச்சில் அதை முடித்தார். அதே ஆண்டு புளுட்சோ ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1709இல் வந்து சேர்ந்த கிரூண்ட்லர் என்ற மிஷனரி சீகன்பால்குக்குத் துணையாக நின்றார்.

அடுத்த கவலை அச்சு. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் ஒரு அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. அச்சடிக்க வந்த வாலிபர் ஆபிரிக்கக் கரையை அடைந்தபோது இறந்துபோனார். இயந்திரம் மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்களை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை மிகப் பெரியவை; அவற்றைக்கொண்டு முழுப் புத்தகத்தையும் அச்சடிக்கக் காகிதம் போதாது. ஆகவே சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து சீஸ் வந்த பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். பொறையாறில் காகிதம் செய்யவும் முயன்றார்கள்.

இப்படியாக 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் மீதியும் அச்சாகி வந்தன. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. ஆலயத்துக்கு வந்தவர்கள் அதுவரை காதால் கேட்டதை இனிக் கண்ணால் வாசிக்கலாம். ஜேர்மன் ராகங்களில் தமிழ்ச் சொற்களை அமைத்த ஞானப்பாட்டுகளும் அச்சிடப்பட்டன. பிள்ளைகளே, நீங்கள் பள்ளித் தோழர்களோடு ஜேர்மன் ஆலயத்துக்குப் போகும்போது, இந்த ராகம் எங்கள் சபையிலும் உண்டே என்று நினைத்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

தரங்கம்பாடிச் செய்திகள் ஹாலேயில் அச்சாகி ஐரோப்பா எங்கும் வாசிக்கப்பட்டன. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற தாய், இந்த மிஷனரிகளின் கதையை வாசித்து மிகவும் அசைக்கப்பட்டார். தம் பிள்ளைகளோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து ஆத்துமக் காரியங்களைப் பேசத் தொடங்கினார். ஞாயிறு மாலையில் அவர் வீட்டில் நடந்த குடும்ப ஜெபத்துக்கு அயலாரும் வந்து, கூட்டம் சுமார் இருநூறு பேராகப் பெருகியது. அந்தப் பிள்ளைகளில் இருவர்தான் பின்னாளில் மெதடிஸ்ட் எழுப்புதலுக்குத் தலைமை தாங்கிய யோவான் வெஸ்லியும் சார்ல்ஸ் வெஸ்லியும்.

ஜேர்மனிக்கு வந்த மலையப்பன்

1714 அக்டோபரில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அவரோடு மலையப்பன் என்ற தமிழ் வாலிபரும் வந்தார். கப்பலிலேயே தமிழ் பேசிக்கொண்டு, தமிழ் இலக்கண நூலொன்றை எழுதினார்கள். அது 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஜேர்மனிக்கு வந்த தமிழர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் சிலருள் மலையப்பனும் ஒருவர். விமானமும் தொலைபேசியும் இல்லாத நாளில், பனியும் குளிருமான இந்த நாட்டில் அவர் தமிழில் பேச ஆளின்றி எத்தனை நாள் இருந்திருப்பார்! இங்கு முதலில் வந்து இறங்கிய நம் பெரியவர்களுக்கு அது நன்றாய் விளங்கும்.

இந்தப் பயணத்தில் சீகன்பால்க் மரியா டொரொத்தேயா சால்ஸ்மன் என்னும் பெண்ணைத் திருமணம் செய்தார். லண்டனில் ராஜா முதலாம் ஜார்ஜையும் சந்தித்தார். 1716 ஆகஸ்டில் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

புதிய எருசலேம் ஆலயம்

பழைய கோவில் கடல் பெருக்கினால் பாழாகியிருந்தது. பெருகிய சபைக்கு இடமும் போதவில்லை. 1717 பெப்ரவரியில் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். 1718 அக்டோபர் 11ஆம் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. சிலுவை வடிவமான அந்தப் புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. 2004 சுனாமி அந்த ஊரைத் தாக்கியபோதும் ஆலயம் நிலைத்தது.

ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்காரும் வழக்கம் இருந்தது. ஒரே திருவிருந்தில் பங்கு பெற்றவர்கள் ஒரே வரிசையில் உட்காரவில்லை. மிஷனரிகள் அதை விரும்பாவிட்டாலும் முற்றாக ஒழிக்கவில்லை. அது பிற்காலச் சபைகளிலும் நீண்ட வேதனையாயிற்று. நாமும் நம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டிய இடம் இது. ஊர், குடும்பம், சாதி பார்த்து ஆலயத்தில் பக்கத்து நாற்காலியைத் தெரிந்தெடுக்கிறோமா?

கடைசி நாட்கள்

இந்நேரத்தில் கொப்பன்ஹேகனில் மிஷன் காரியங்களை நடத்திய செயலாளர் வென்ட் என்பவர் கடுமையான கடிதங்கள் எழுதினார். அப்போஸ்தலர் கட்டிடம் கட்டவில்லை, பள்ளி நடத்தவில்லை, பணம் சேர்க்கவில்லை. மிஷனரிகள் ஊர் ஊராய் நடந்து பிரசங்கித்தால் போதும் என்பது அவர் எண்ணம். தரங்கம்பாடியிலிருந்து பார்த்தபோது அது வேறுவிதமாகத் தெரிந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வந்தவனுக்கு ஒதுங்க இடம் வேண்டும். அவன் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும். சரீரத்தைக் கவனியாமல் ஆத்துமாவை மட்டும் கவனிக்க முடியாது என்று சீகன்பால்கும் கிரூண்ட்லரும் எண்ணினார்கள். கண்ணால் பாராதவர்களின் குற்றச்சாட்டு, ஏற்கெனவே நோயுற்றிருந்த சீகன்பால்கை மிகவும் உடைத்தது.

1719 பெப்ரவரி 23ஆம் தேதி, தமக்குப் பிரியமான ஜேர்மன் ஞானப்பாட்டைச் சூழ நின்றவர்கள் பாட, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 36. நான்கு மாதங்களுக்கு முன் தாம் பிரதிஷ்டை செய்த ஆலயத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அடுத்த ஆண்டே கிரூண்ட்லரும் இறந்தார்.

ஆலயம் மூடப்படவில்லை. கடலூரைச் சேர்ந்த ஆரோன் என்ற வாலிபர் சீகன்பால்கின் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்து, பின்பு உபதேசியாராகி, 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் லுத்தரன் தமிழ்க் குருவானவர் அவரே. ஆலயத்தில் உட்கார்ந்து கேட்ட ஒருவர், எழுந்து நின்று பிரசங்கிக்கிறவரானார்.

நமக்கு என்ன?

இன்று நம் சபைகளில் பெரியவர்களுக்கு ஒரு கவலை உண்டு. பிள்ளைகள் தமிழ் ஆராதனையில் உட்காருகிறார்கள். பிரசங்கம் அவர்களுக்குப் பாதிதான் விளங்குகிறது. பெரியவர்களான பின்பும் வருவார்களா என்று தெரியவில்லை.

சீகன்பால்கின் வாழ்க்கை இதற்கு இரண்டு பக்கமும் பதில் சொல்கிறது. பிள்ளைகளே, 24 வயதில் ஒரு ஜேர்மானியர் தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். உங்களுக்கோ தமிழ் வீட்டிலேயே கிடைக்கிறது. தயங்காமல் படியுங்கள், பிழையாக வாசித்தாலும் சத்தமாக வாசியுங்கள். பெரியவர்களே, மனிதர் தங்கள் இருதயத்தின் மொழியில் தேவ வார்த்தையைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் அத்தனை பாடுபட்டார். நம் பிள்ளைகளில் பலருக்கு இருதயத்தின் மொழி ஜேர்மன். அவர்களுக்காக ஒரு வாசகத்தையும் ஒரு ஜெபத்தையும் ஒரு சிறு செய்தியையும் அந்த மொழியில் வைப்பது தமிழுக்குத் துரோகம் ஆகாது. தரங்கம்பாடியில் அவர் செய்த வேலை அதுவேதான்.

ஹாலே நகரத்தில் பிராங்கேயின் பழைய கட்டிடங்கள் இன்றும் இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன. ஒரு விடுமுறை நாளில் சபையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

புல்ஸ்னிட்ஸ் ஊரின் அநாதைப் பிள்ளையை எடுத்து, நம் முன்னோர்களுக்கு மேய்ப்பனாக்கிய கர்த்தர், இந்த ஆண்டுகளெல்லாம் நம் சபையையும் காத்து நடத்தினார். சிறையின் நாளிலும் மேய்ப்பன் இல்லாத நாளிலும் ஞாயிறுதோறும் கூடிவந்த அந்தப் பேர் தெரியாத சபையாரைப்போல, நாமும் நம் பிள்ளைகளும் அவருடைய ஆலயத்தில் நிலைத்திருக்க அவர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்.